டாஸ் ஜெயித்த சின்ன அணி மட்டையைக் கேட்க வேண்டுமா, பந்தையா?

1983 ஜூன் 25, லார்ட்ஸ். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டாஸ் ஜெயித்த வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாயிட், இந்தியாவை முதலில் ஆடச் சொன்னார். 1996 பிப்ரவரி 29, புனே. டாஸ் ஜெயித்த வெஸ்ட் இண்டீஸ், கென்யாவை முதலில் ஆடச் சொன்னது. 2016இல் நாக்பூரில் அதே வெஸ்ட் இண்டீஸ் ஆப்கானிஸ்தானை ஆடவிட்டது. 2022 அக்டோபரில் ஜீலாங்கில் இலங்கை நமீபியாவையும், மறுநாள் ஹோபார்ட்டில் வெஸ்ட் இண்டீஸ் ஸ்காட்லாந்தையும், அடுத்த மாதம் அடிலெய்டில் தென்னாப்பிரிக்கா நெதர்லாந்தையும் இப்படியே ஆடவிட்டார்கள். 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் இங்கிலாந்து ஆப்கானிஸ்தானை, இரண்டு நாள் கழித்து தர்மசாலாவில் தென்னாப்பிரிக்கா நெதர்லாந்தை. 2024இல் கிங்ஸ்டவுனில் ஆஸ்திரேலியா ஆப்கானிஸ்தானை. இந்த ஒன்பது ஆட்டங்களிலும் டாஸ் ஜெயித்தது பெரிய அணி, பந்தைக் கையில் எடுத்தது பெரிய அணி, கடைசியில் தோற்றதும் பெரிய அணி.

இந்த வரிசையை ஒருமுறை எழுதிப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பெரிய அணி தானாகக் கொடுத்த முதல் பேட்டிங்கை, டாஸ் தன் பக்கம் விழும் நாளில் சின்ன அணி வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டாமா? உலகக் கோப்பைக்குத் தட்டுத் தடுமாறித் தகுதி பெற்று வந்த ஒரு கேப்டன் நாணயம் விழுந்த இடத்தைப் பார்க்கிறார். மைக் நீள்கிறது. பதில் சொல்ல அவருக்குச் சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்கு முன் அணிக்கூட்டத்தில் பேசி முடித்திருக்க வேண்டிய கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

நம் பத்திரிகைகள் இந்த அணிகளைக் கத்துக்குட்டி என்று எழுதிப் பழகிவிட்டன. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பெரிய ஆட்டங்கள் கிடைக்கும், அதற்குள் ஆறு மாதக் கனவையும் ஆடிக் காட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களை அப்படிக் கூப்பிட மனம் வரவில்லை. சின்ன அணி என்றே எழுதுகிறேன்.

முதலில் பந்துவீச வேண்டும் என்பவர்கள் பக்கத்தைக் கேட்போம். அவர்களிடம் பலமான நியாயங்கள் இருக்கின்றன.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தெரிந்து ஆடலாம் என்பது முதல் நியாயம். இருபது ஓவர் ஆட்டத்தில் இன்றைக்குப் பெரும்பாலான கேப்டன்கள் சேஸிங்கைக் கேட்பது இதற்காகத்தான். காலை ஈரம் இரண்டாவது. புதுப் பந்து ஆடும் நேரத்தில் பெரிய அணியின் தொடக்க ஆட்டக்காரர்களைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு 2007 மார்ச் 17, ஜமைக்காவின் சபீனா பார்க் ஆட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆடுகளம் பச்சைப் பசேலென்று இருந்தது. அயர்லாந்து கேப்டன் டிரெண்ட் ஜான்ஸ்டன் டாஸ் ஜெயித்ததும் யோசிக்காமல் பந்தைக் கேட்டார். அந்த அணியில் பலர் முழுநேர ஆட்டக்காரர்களே இல்லை. பாகிஸ்தான் 132க்குச் சுருண்டது. ஆண்ட்ரே போத்தா 8 ஓவர் போட்டுக் கொடுத்த ரன் வெறும் 5, எடுத்த விக்கெட் 2. அப்புறம் நயல் ஓ'பிரையன் 72 அடித்தார், மழைக் கணக்கில் மாறிய இலக்கை அயர்லாந்து மூன்று விக்கெட் மீதம் வைத்துத் தொட்டது. கடைசி அடியைச் சிக்ஸராக அடித்தவர் அதே ஜான்ஸ்டன். டாஸில் எடுத்த முடிவைத் தன் மட்டையால் முடித்துவைக்கும் வாய்ப்பு எத்தனை கேப்டன்களுக்குக் கிடைக்கும்!

இதே வரிசையில் 2009இல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் 162ஐ நெதர்லாந்து கடைசிப் பந்தில் ஓவர்த்ரோ ஓடி எட்டியது. 2024இல் டல்லாஸில் அமெரிக்கா பாகிஸ்தானை முதலில் ஆடவைத்து, 159க்கு 159 என்று சமன் செய்து, சூப்பர் ஓவரில் வென்றது. அந்த சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர் மென்பொருள் பொறியாளர். சேஸிங் கட்சிக்காரர்கள் இந்த மூன்றையும் சொன்னால் நான் தலையாட்டத்தான் வேண்டும்.

ஆனால் அவர்கள் நான்காவதாக 2011 பெங்களூருவைக் கொண்டுவரும்போது ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தின் 327ஐ அயர்லாந்து துரத்தியது உண்மை. 111க்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதம் அடித்ததும் உண்மை. அதை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அது திட்டம் அல்ல. எந்த அணிக்கூட்டத்திலும் "நாம் 111க்கு 5 ஆவோம், அப்புறம் ஒருவர் வந்து உலகக் கோப்பையில் இதுவரை யாரும் அடிக்காத வேகத்தில் சதம் அடிப்பார்" என்று எழுதிவைத்துக்கொண்டு களமிறங்க முடியாது. அன்றைக்கு டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்ததும் இங்கிலாந்துதான், அயர்லாந்து தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை.

சேஸிங்கில் சின்ன அணி எங்கே உடைகிறது என்பதை 2024 ஜூனில் கிங்ஸ்டவுனில் நேபாளம் காட்டியது. டாஸ் ஜெயித்து தென்னாப்பிரிக்காவை ஆடச் சொன்னார்கள். குஷால் புர்டெல் 19 ரன்னுக்கு 4, திபேந்திர சிங் அய்ரி 21க்கு 3. டி காக், கிளாசென், மில்லர் எல்லாம் இருந்த வரிசை 115க்கு 7 என்று நின்றது. அதாவது பந்துவீச்சாளர்கள் தங்கள் வேலையை நூற்றுக்கு நூறு செய்துவிட்டார்கள். துரத்தலிலும் ஒரு கட்டத்தில் பந்துக்கு ஒரு ரன் போதும், விக்கெட்டும் நிறைய கையில் இருந்தது. அப்போது தப்ரைஸ் ஷம்சி வந்து 4 விக்கெட் எடுத்தார். கடைசிப் பந்தில் ஜெயிக்க 2, சமன் செய்ய 1. பந்து மட்டையில் படவில்லை. ஒரு ரன்னாவது ஓடிவிடலாம் என்று பாய்ந்த குல்சன் ஜா ரன் அவுட். ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் தோல்வி. தரையில் உட்கார்ந்துவிட்ட அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நேபாளத்தின் முடிவு தவறு என்று சொல்ல வரவில்லை. 115க்குப் பெரிய அணியை நிறுத்திய முடிவை எப்படித் தவறு என்பது? ஆனால் கடைசி ஐந்து ஓவரின் கனம் யார் தோளில் விழுந்தது என்று பாருங்கள். இப்படி ஒரு வரலாற்று வெற்றியை இதற்கு முன் தொட்டுப் பார்க்காதவர்கள் தோளில் விழுந்தது. எதிரே ஷம்சி போன்ற, இதே மாதிரி கடைசி ஓவர்களை எத்தனையோ முறை பார்த்தவர். சின்ன அணியின் மெலிந்த பகுதி பெரும்பாலும் நடுவரிசை பேட்டிங்தான். ஏனென்றால் நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் எங்கிருந்தாவது முளைத்து வந்துவிடுவார். நெருக்கடியில் சேஸ் செய்யத் தெரிந்த ஆறாம் எண் ஆட்டக்காரர் நெருக்கடி ஆட்டங்களை ஆடித்தான் உருவாக முடியும், அந்த ஆட்டங்கள்தான் சின்ன அணிக்குக் கிடைப்பதே இல்லை. அப்படியானால் அந்த மெலிந்த பகுதியை ஆட்டத்தின் எந்த நேரத்தில் வெளியே காட்டுவது என்பதுதான் டாஸ் கேள்வியின் உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி.

முதலில் பேட்டிங் எடுத்தால் அந்த நடுவரிசைக்கு இலக்கு என்று ஒன்று இல்லை. 20 ஓவரில் 140 அடித்தால் குறைவா, போதுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 7 ரன் வீதம் போய்க்கொண்டிருந்தால் அது 7 ரன் வீதம்தான், மின்பலகையில் "தேவை 11.4" என்று சிவப்பு எழுத்து மிரட்டாது. இரண்டு ஓவர் அமைதியாகப் போனாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாது. துரத்தும்போது அதே இரண்டு ஓவர் அமைதி ஆளைப் பைத்தியமாக்கிவிடும், மூன்றாவது ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்கள்.

இப்போது அதே இரண்டு ஓவர் அமைதியைப் பெரிய அணி துரத்தும்போது வைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ரன் மட்டும் தேவையாக இருப்பதில்லை, சுலபமாக ஜெயிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. நமீபியாவிடம் தோற்றால் ஊருக்குப் போய் என்ன சொல்வது என்ற நினைப்பு ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் போதும், மட்டை கனக்க ஆரம்பித்துவிடும். புனேயில் நடந்தது இதுதான். கென்யா எடுத்தது 166. அதில் அதிகபட்சப் பங்களிப்பு எந்த ஆட்டக்காரருடையதும் இல்லை, உதிரி ரன்கள் 37. அடுத்த இடத்தில் ஸ்டீவ் டிக்கோலோ 29. இப்படி ஒரு ஸ்கோரைப் பார்த்து பிரையன் லாரா இருக்கும் அணி ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் ரஜப் அலி வீசிய பந்தில் லாரா 8 ரன்னில் கீப்பர் தாரிக் இக்பாலிடம் கேட்ச் கொடுத்துப் போனதும் உடை மாற்றும் அறையில் ஏதோ ஒன்று நடந்துவிட்டது. மொத்த அணியும் 93. கேப்டன் மாரிஸ் ஒடும்பே தன் ஆஃப் ஸ்பின்னில் 10 ஓவர் முழுவதையும் போட்டு 15 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். 166ஐ வைத்துக்கொண்டு 73 ரன்னில் ஜெயித்தார்கள்.

அடிலெய்டில் 2022 நவம்பர் 6 அன்று இதே கதை இருபது ஓவரில் நடந்தது. அரையிறுதிக்குப் போக தென்னாப்பிரிக்காவுக்கு இந்த ஒரு வெற்றி போதும். நெதர்லாந்து 158க்கு 4. கெட்ட ஸ்கோர் இல்லை, பயமுறுத்தும் ஸ்கோரும் இல்லை. தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்கு ஓரளவு தொடக்கம் கிடைத்தது, யாரும் அதைப் பெரிதாக்கவில்லை. பதினாறாவது ஓவரில் டேவிட் மில்லர் ஒரு ஷார்ட் பந்தைத் திருப்பி அடிக்கப் போக, அது மேல்விளிம்பில் பட்டு வானத்துக்கு எழும்பியது. ஷார்ட் ஃபைன் லெக்கில் நின்றவர் ரோலஃப் வான் டெர் மெர்வ், வயது 37. முதுகைக் காட்டியபடி எல்லைக் கோட்டைப் பார்த்து ஓடுகிறார், தலையை மட்டும் தோளுக்கு மேல் திருப்பிப் பந்தைத் தேடுகிறார், கடைசி நொடியில் கையை நீட்டி, பாய்ந்து விழுந்து பிடிக்கிறார். அவர் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்கே ஆடியவர். அந்தக் கேட்சை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அந்த ஓவரை வீசிய பிராண்டன் குளோவர் மொத்தம் 9 ரன் கொடுத்து 3 விக்கெட். 145க்கு 8, நெதர்லாந்து 13 ரன்னில் வென்றது, தென்னாப்பிரிக்கா மூட்டையைக் கட்டியது.

ரன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஃபீல்டிங் செய்பவர்களின் கால்கள் வேகமாக ஓடுகின்றன என்று நான் நம்புகிறேன். காக்க வேண்டிய பொருள் ஒன்று கையில் இருக்கிறது. முதலில் ஃபீல்டிங் செய்யும்போது அப்படி எதுவும் இல்லை. இரண்டு பவுண்டரி போனால் "இன்றைக்கும் அடிதான்" என்ற நினைப்பு வந்துவிடும். 2023இல் டெல்லியில் ஆஸ்திரேலியா முதலில் ஆடி 399 அடித்த அன்று, கிளென் மேக்ஸ்வெல் 40 பந்தில் சதம் கண்ட அன்று, நெதர்லாந்து 90க்குப் போய் 309 ரன்னில் தோற்றது. எட்டே நாளுக்கு முன் தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவைச் சாய்த்த ஏறக்குறைய அதே பதினொரு பேர்தான். பெரிய அணி தட்டையான ஆடுகளத்தில் முதலில் ஆடி முடித்துவிட்டால், இடைவேளையிலேயே ஆட்டம் செத்துவிடும். அப்புறம் ரசிகருக்கும் வேலை இல்லை.

சரி, இந்த இடத்தில் என் வாதத்தின் மேலேயே ஒரு கல்லை எறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ஒன்பது ஆட்டங்களை அடுக்கினேனே, அது முழுக் கணக்கு அல்ல. பெரிய அணிகளின் கேப்டன்கள் வழக்கமாகவே ஃபீல்டிங்கைக் கேட்பவர்கள் என்றால், சின்ன அணிகள் வழக்கமாகவே முதலில் ஆடுகின்றன. வெற்றிகளும் அந்தப் பக்கம் குவியத்தானே செய்யும்? அதோடு, முதலில் ஆடி ஜெயித்த ஆட்டங்களைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். முதலில் ஆடி நாசமான ஆட்டங்களை மறந்துவிடுகிறோம். நெதர்லாந்தே 2014இல் சட்டோகிராமில் இலங்கைக்கு எதிராக முதலில் ஆடி 39க்கு ஆல் அவுட் ஆனது. (அதே நகரில் ஒரு வாரம் கழித்து 133 அடித்துவிட்டு இங்கிலாந்தை 88க்குச் சுருட்டினார்கள் என்பது வேறு விஷயம்.) எனவே ஒன்பதுக்கு ஒன்பது என்ற எண்ணை வைத்து நான் வாதாடவில்லை. அந்த ஒன்பது ஆட்டங்கள் ஜெயிக்கப்பட்ட விதத்தை வைத்துத்தான் வாதாடுகிறேன்: எல்லாவற்றிலும் பெரிய அணி துரத்தலின் நடுவில், ரன் வீதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பதறியது.

மறக்கக் கூடாத இன்னொரு ஆட்டம் 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையின் அரையிறுதி. டிரினிடாடின் தரூபாவில் ரஷித் கான் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார், ஆப்கானிஸ்தான் 56க்கு ஆல் அவுட். தென்னாப்பிரிக்கா 9 ஓவருக்குள் முடித்துவிட்டது. என் விதிப்படி எடுத்த முடிவுதான் அது, என் விதிக்குக் கிடைத்த மிகப் பெரிய அடியும் அதுதான். அந்த ஆடுகளத்தில் ஒரு பந்து தலைக்கு எழும்பியது, அடுத்தது கணுக்காலுக்கு உருண்டது. எதிரே யான்சென், ரபாடா, நார்க்கியே. அப்படிப்பட்ட இடத்தில் புதுப் பந்தின் முன்னால் தொடக்க ஆட்டக்காரர்களை நிறுத்துவது, சின்ன அணி பேட்டிங்கின் மெலிந்த பகுதியை ஆட்டத்தின் மோசமான நேரத்தில் வெளியே தள்ளுவது. இடத்தைப் படிக்காமல் விதியைப் பிடித்துக்கொண்டால் இதுதான் நடக்கும். சபீனா பார்க்கில் ஜான்ஸ்டன் பச்சையைப் பார்த்தார், பந்தை எடுத்தார். அதுதான் முதல் விதிவிலக்கு.

இரண்டாவது விதிவிலக்கு பனி. இந்தியத் துணைக்கண்டத்தில் இரவு ஆட்டம் என்றால் எட்டு மணிக்கு மேல் புல்லில் ஈரம் இறங்கும். பந்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், சுழல் விரலில் நிற்காது. சின்ன அணியின் மொத்த நம்பிக்கையும் சுழல் என்றால், அந்தச் சுழலை ஈரத்தில் போட விடுவது தற்கொலை. சென்னையில் 2023 அக்டோபர் 23 அன்று ஆப்கானிஸ்தான் முஜீப், நூர், ரஷித், நபி என்று நான்கு சுழலர்களுடன் இறங்கி பாகிஸ்தானை 282இல் நிறுத்தி, அப்புறம் விளக்கொளியில் 2 விக்கெட் மட்டும் இழந்து அதைத் துரத்தி முடித்தது நினைவிருக்கும். டாஸ் பாகிஸ்தான் பக்கம் விழுந்தது, ஆனால் ஆப்கானிஸ்தான் கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. குர்பாஸும் இப்ராஹிம் ஜத்ரானும் முதல் விக்கெட்டுக்கு 130 சேர்த்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று ஆப்கானிஸ்தானுக்காகக் கத்தியதே! நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் கைதட்டும் அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

மூன்றாவது, நெட் ரன் ரேட், அதாவது புள்ளிகள் சமமாகும் அணிகளை ரன் வேகத்தால் வரிசைப்படுத்தும் கணக்கு. ஜெயித்தால் மட்டும் போதாது, இத்தனை ஓவருக்குள் ஜெயிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் துரத்துவதுதான் வழி. 2014இல் சில்ஹெட்டில் அயர்லாந்தின் 189ஐ நெதர்லாந்து 13.5 ஓவரில் அடித்து அடுத்த சுற்றுக்குப் போனது. ஸ்டீபன் மைபர்க் 23 பந்தில் 63. இலக்கு தெரியாமல் முதலில் ஆடியிருந்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

இந்த மூன்றும் இல்லாத நாளில் மட்டையை எடு என்பதுதான் என் முடிவு. எடுத்த பிறகு எப்படி ஆடுவது என்பதில் அடுத்த பிரிவு வருகிறது. முதல் ஓவரிலிருந்தே அடித்து நொறுக்குவது ஒரு வழி. அது பலித்தால் அழகு, பலிக்காவிட்டால் 39. விக்கெட்டைக் காத்து, கடைசியில் கீழ்வரிசையை அவிழ்த்துவிடுவது இன்னொரு வழி. நான் இரண்டாவது பக்கம். தர்மசாலாவில் மழையால் 43 ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் நெதர்லாந்து 82க்கு 5, அப்புறம் 140க்கு 7. பெரும்பாலான சின்ன அணிகள் அங்கே 170இல் முடிந்துபோகும். கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸ் ஒரு முனையை விடவே இல்லை, 78 நாட் அவுட். அவர் இருந்ததால்தான் வான் டெர் மெர்வ் 19 பந்தில் 29ம், ஆர்யன் தத் 9 பந்தில் 23ம் தைரியமாகச் சுற்ற முடிந்தது. 245க்கு 8. பந்துவீச்சிலும் யோசித்திருந்தார்கள். புதுப் பந்தை ஆஃப் ஸ்பின்னர் தத் கையில் கொடுத்தார்கள், டி காக்கை எடுக்க பகுதிநேரச் சுழலர் ஆக்கர்மானை அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்கா 207. வேகத்தைப் பழகிய ஆட்டக்காரர்களுக்கு முதல் பத்து ஓவரில் வேகமே கொடுக்காமல் இருப்பது சின்ன அணிக்கு விலையில்லாமல் கிடைக்கும் ஆயுதம். டெல்லியில் இங்கிலாந்தின் 10 விக்கெட்டில் 8ஐ ஆப்கானிஸ்தான் சுழலர்கள் எடுத்ததும் இதே வழியில்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் கைவிட்டுப் போன ஆட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது. 2023 நவம்பர் 7, மும்பை வான்கடே. ஆப்கானிஸ்தானே டாஸ் ஜெயித்து, பேட்டிங் எடுத்து, இப்ராஹிம் ஜத்ரானின் 129உடன் 291 சேர்த்தது. ஆஸ்திரேலியா 91க்கு 7. மேக்ஸ்வெல் 33இல் இருக்கும்போது ஷார்ட் ஃபைன் லெக்கில் முஜீப் கைக்குப் பந்து வந்தது. சுலபமான கேட்ச். விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தசைப்பிடிப்பில் கால் நகராத மனிதர் நின்ற இடத்திலிருந்தே 128 பந்தில் 201 அடித்தார். மறுமுனையில் கம்மின்ஸ் 68 பந்தில் 12. இருவரும் சேர்ந்து 202.

கேட்ச் விட்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிட ஃபீல்டிங் அமைப்புதான் உறுத்தியது. 91க்கு 7 என்ற நிலையில் ரன் தேவையின் வீதம் ஓவருக்கு ஏறக்குறைய ஆறரை. அங்கே சின்ன அணிக்கு இரண்டு வழி. ஆட்களைப் பின்னால் தள்ளி ரன்னைத் தடுப்பது ஒன்று. கம்மின்ஸைச் சுற்றி ஆட்களை நெருக்கி நிறுத்தி, எட்டாவது விக்கெட்டை எடுத்தே தீருவேன் என்று உட்காருவது மற்றொன்று. முதல் வழி பத்திரமாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தை நீட்டிக்கும். நீளும் ஒவ்வொரு ஓவரும் தரம் அதிகமுள்ள பக்கத்துக்குத்தான் சாதகம். கம்மின்ஸுக்கு சிலிப், ஷார்ட் லெக், இரண்டு முனையிலும் சுழல் என்று பத்து ஓவர் முழுக்க அழுத்தியிருந்தால் மேக்ஸ்வெல் மறுமுனையில் துணையில்லாமல் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். டாஸில் துணிந்து கேட்டவர்கள் பாதி ஆட்டத்தில் துணிவை இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து கிங்ஸ்டவுன், அதே ஆஸ்திரேலியா. குர்பாஸ் 60, இப்ராஹிம் 51, முதல் விக்கெட்டுக்கு 118. அவசரமே படாத கூட்டணி. கடைசியில் கம்மின்ஸ் ஹாட்ரிக் எடுத்தும் 148 வந்துவிட்டது. துரத்தலில் மறுபடியும் மேக்ஸ்வெல் தனியாளாக 59க்கு வந்து நின்றார். அன்றைக்கு குல்பதின் நைப் வீசிய பந்தில் அவர் அடித்தது பாயிண்ட் பக்கம் பறந்தது, நூர் அகமது பாய்ந்து பிடித்துவிட்டார். நைப் 20 ரன்னுக்கு 4, ஆஸ்திரேலியா 127.

அப்புறம் 2025 பிப்ரவரி 26, லாகூர், சாம்பியன்ஸ் டிராஃபி. எதிரே இங்கிலாந்து, தோற்றவர் வெளியே. டாஸ் ஹஷ்மதுல்லா ஷாஹிதி பக்கம் விழுந்தது. அவர் மட்டையைக் கேட்டார். ஆர்ச்சர் ஆரம்பத்திலேயே மூன்று பேரை அனுப்பி, 37க்கு 3. கேப்டனே உள்ளே வந்து இப்ராஹிமுடன் நிதானமாகக் கட்டினார். இப்ராஹிம் 177, மொத்தம் 325க்கு 7. ஜோ ரூட் 120 அடித்து இங்கிலாந்தைக் கரைக்கு அருகில் கொண்டுவந்தார். கடைசி ஓவரில் 13 வேண்டும், ஒரு விக்கெட் மிச்சம். பந்து அஸ்மதுல்லா ஒமர்சாய் கையில், ஏற்கெனவே நான்கு விக்கெட் எடுத்த கை. நான்கு பந்தில் நான்கு ரன்தான் வந்தது. ஐந்தாவது பந்தை ஆதில் ரஷித் தூக்கி அடித்தார், லாங் ஆஃபில் இப்ராஹிம் ஜத்ரான் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.